எலிசாள் மாமி தனியாகக் குளிக்க வேண்டும்

மாமி குளிக்கப் போனால் நான் பழைய லுங்கி ஒன்றைக் கயிறு மாதிரி முறுக்கிக் கதவுக்கு வெளியே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இரண்டு நிமிடம் ஒன்றும் இருக்காது. அப்புறம் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல எட்டிப் பார்க்கும். லுங்கி குடித்துக் கனக்கும். பிழிந்து போடுவேன். மறுபடி பிழிந்து போடுவேன். கடைசியில் தண்ணீர் லுங்கியைச் சுற்றிக்கொண்டு என் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"வெள்ளம் வெளிய வருதா பிள்ளே?" என்று மாமி உள்ளே இருந்து கேட்பார்.

"கொறச்சுதான் மாமி" என்பேன்.

அந்தக் கொறச்சு என் பிளஸ் டூ மார்க் லிஸ்டையும் டி.சி.யையும் நனைத்துவிட்டது. இப்போது இரண்டும் அப்பளம் மாதிரி நெளிந்து, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்த தடத்தோடு இருக்கின்றன. சென்னையில் இருக்கும் அம்மாவின் சித்தி மகளிடம் அம்மா போனில், "வீட்டுக்குள்ள டெய்லி வெள்ளம்" என்று சொல்லப் போய், அவர் பயந்து, எல்லோரும் மாடிக்குப் போய்விடுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னார். மலையாளம் கலந்து பேசும் எங்கள் நேமத்தில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம் என்று அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சபையில், பஸ் ஸ்டாப்பில், பால் வாங்கும் இடத்தில், அப்படி என்னதான் உங்கள் பாத்ரூமில் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எலிசாள் என்பவர் அப்பாவின் அக்கா. அப்பாவின் அக்காவை எங்கள் பக்கத்தில் மாமி என்றுதான் கூப்பிடுவோம். வயது அறுபத்தொன்று. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டில் முப்பத்திரண்டு வருடம் அட்டெண்டராக வேலை பார்த்தவர். பாறசாலையில் இருந்து விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்து, இரவு ஏழு மணிக்குத் திரும்புவார். அவர் வீட்டுக்காரர் ஞானாபரணம் மாமா, புது வீடு கட்டிக் குடியேறிய ஆறாவது மாதம் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு பதினேழு வருடம் மாமி அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். யார் கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் பாம்பு கிடந்தபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடாமல் மண்வெட்டியோடு தானே போனவர் என்று அப்பா சொல்வார். "பாம்பு மைனியப் பாத்து அதுவே போயிருக்கும்" என்பது அம்மாவின் கருத்து.

ஆஸ்பத்திரியில் மாமியின் வேலையில் பாதி, நோயாளிகளைக் குளிப்பாட்டுவது. எலும்பு முறிந்தவர்கள், ஒரு பக்கம் விழுந்தவர்கள், பிள்ளை பெற்று எழ முடியாதவர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர்கூட இருப்பார்கள். அதில் மாமிக்கு நல்ல பெயர். உடம்பை முழுதாகத் திறக்காமல், ஒரு பக்கம் போர்த்தியிருக்கும்போதே மறு பக்கத்தைக் கழுவித் துடைத்து முடித்துவிடுவார். டாக்டர்கள் புதிதாக வரும் அட்டெண்டர்களிடம், எலிசாள் செய்வதைப் பாருங்கள் என்று சொல்வார்களாம். இதை மாமியே பல தடவை சொல்லியிருக்கிறார். பெருமையாகத்தான் சொல்வார்.

போன ஓணத்துக்கு மறுநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மாமிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. அப்பா போய் வாக்குவாதம் எதுவும் செய்யாமல் ஆம்புலன்ஸிலேயே நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் அறையில் இன்னொரு கட்டில் வந்தது. மாமி நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, ஹாலுக்கும் அறைக்கும் நடந்தார்.

அறையோடு சேர்ந்த பாத்ரூமுக்குள் மட்டும் அவரால் போக முடியவில்லை. எல்லார் வீட்டிலும் போலவே அது நான்கு இஞ்சு தாழ்வாக இருந்தது. வாக்கரை அந்தப் படியில் இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அம்மாதான் தூக்கிப் பிடித்து இறக்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிக்க ஊற்றினாள். முதல் நாள் முடிந்து வெளியே வந்ததும் மாமி நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார். இரவு விளக்கை அணைத்த பிறகு என்னிடம் சொன்னார்.

"எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கேன் பிள்ளே. குளிப்பாட்டும்பம் எல்லாவளும் கண்ண மூடிக்கிடுவாளுவ. ஒருத்திகூட தொறந்து வச்சதில்ல. வெக்கத்துல மூடுதாளுவண்ணு நெனச்சேன். இன்னைக்கு நானும் மூடினேன். வெக்கம் இல்ல கேட்டியா. நான் அங்கன இல்லண்ணு நெனச்சுக்கிடுததுக்கு."

மறுநாள் காலையிலேயே அப்பாவைக் கூப்பிட்டு, "லே சற்குணம், படிய எடுத்துத் தறையச் சமமாக்கு. நான் தனியாக் குளிக்கணும்" என்றார். எங்கள் வீட்டில் அவர் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

இங்கிருந்துதான் என் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

அப்பா சாலை பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார். குழாய், ஆணி, பெயிண்ட் என்று எதைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம். டைல்ஸ் வேலைக்குப் பாலராமபுரத்தில் இருந்து அபிலாஷை அழைத்து வந்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நல்ல வேலைக்காரர். தரையை உயர்த்தி, படியை எடுத்து, வழுக்காத டைல்ஸ் போட்டு, அறைத் தரையும் பாத்ரூம் தரையும் ஒரே சமமாக வரும்படி ஐந்து நாளில் முடித்தார். அந்த ஐந்து நாளும் அப்பா, அம்மா, மாமி மூன்று பேரும் மாறி மாறிப் போய் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ கொடுத்தார்கள், வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி கொடுத்தார்கள். எவ்வளவு மரியாதையான வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி வாக்கரோடு தடங்கல் இல்லாமல் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். ஷவரைத் திறந்தார். தண்ணீர் வெளியே வந்தது.

அந்தப் பாத்ரூமைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தென்மேற்கு மூலையில் தண்ணீர் போகும் ஓட்டை. பழையதில் இருந்த அதே இடம். அதற்கு நேர் எதிரே, வடகிழக்கில் கதவு. ஷவர் ஓட்டையின் பக்கம். கதவுக்கும் அதற்கும் ஏழடி தூரம். அப்படியிருந்தும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் ஓட்டையை விட்டுவிட்டு ஏழடி நடந்து கதவுக்கு வந்தது.

"அபிலாஷைக் கூப்பிட்டுக் காட்டுவோம் அப்பா" என்று முதல் நாளே சொன்னேன்.

"அதுக்கெல்லாம் அவன எதுக்கு?" என்றார் அப்பா. "ஒரு வைப்பர் வச்சுத் தள்ளினா செரியாவும்."

பெரிய வைப்பர் ஒன்று கடையில் இருந்து வந்தது. ஒரு கையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மறு கையில் வைப்பர் தள்ளுவது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. ஆகவே மாமி குளித்து முடித்த பிறகு நான் தள்ளினேன். தள்ளிய தண்ணீர் ஓட்டை வரை போய், நான் கையை எடுத்ததும் திரும்பி வந்தது. நாய்க்குட்டியைத் துரத்திவிட்டால் திரும்பி வருமே, அப்படி.

"மாமி, அபிலாஷ் வந்து ஒரு தடவை பாத்தா என்ன?"

"வேலையைக் கொறை சொன்னா அவனுக்குச் சங்கடமாவும். பாவம், அவன் நல்ல பையன்" என்றார் மாமி. ஆஸ்பத்திரியில் டாக்டரையே குறை சொன்ன மாமி.

அடுத்து அப்பா ஷவர் கர்ட்டன் கொண்டுவந்தார். நீல நிறத்தில் மீன் படம் போட்டது. தண்ணீர் பட்டதும் அது மாமியின் உடம்பில் ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்து மாமி சத்தம் போட்டார்.

"சற்குணம்! இதென்ன எளவு, உயிரோட சுத்திக் கட்டப் பாக்கியா?"

"கீழ காந்தம் இருக்கு அக்கா, அது தறையில ஒட்டும்!"

"எனக்கக் கால்லதான்லே ஒட்டுது!"

கர்ட்டன் கழன்றது. ஷவரின் தலையை மாற்றி, தண்ணீர் குறைவாக வரும் ஒன்றைப் போட்டார் அப்பா. மாமியின் சோப்பு நுரை போக இருபது நிமிடம் ஆயிற்று. குறைவான தண்ணீரும் கதவுக்குத்தான் வந்தது, கொஞ்சம் தாமதமாக. பிறகு கதவோரம் சிலிகான் பூசினார். அது இரண்டு நாளில் உரிந்தது.

ஒவ்வொரு தடவையும் நான் அபிலாஷின் பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வேண்டாம் என்றார். அம்மா சொன்னாள், அவன் இப்போது கொல்லத்தில் வேலையில் இருக்கிறானாம். அப்பா சொன்னார், டைல்ஸ் காய்ந்து இறுகினால் தண்ணீர் தானாக நின்றுவிடும். இருபத்தாறு வருடம் ஹார்டுவேர் கடையில் இருந்தவர் இப்படிச் சொன்னார். டைல்ஸ் இறுகினால் தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்டேன். "நீ சயன்ஸ் குரூப்தானே, யோசி" என்றார்.

கடைசியாக ரப்பர் பட்டை வந்தது. கதவுக்குக் கீழே ஒரு இஞ்சு உயரத்துக்குத் தரையில் ஒட்டுகிற பட்டை. முதல் நாள் தண்ணீர் பெரும்பாலும் உள்ளேயே நின்றது. அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டாம் நாள், மாமி குளித்துவிட்டு வெளியே வரும்போது, வாக்கரின் முன்கால் அந்தப் பட்டையில் தட்டியது. பட்டைக்கு உள்பக்கம் பாதம் நனையத் தண்ணீர். மாமி ஒரு பக்கம் சாய்ந்தார். நான் வெளியே உட்கார்ந்திருந்ததால் பாய்ந்து பிடித்தேன். இரண்டு பேரும் கதவில் மோதிக்கொண்டு நின்றோம். அவர் இதயம் அடிப்பது என் தோளில் தெரிந்தது.

நான்கு இஞ்சு படியை எடுத்துவிட்டு ஒரு இஞ்சு படியைக் கட்டியிருக்கிறோம். இதைத்தான் நாங்கள் ஒரு மாதமாகச் செய்திருந்தோம். பட்டையை நானே பிய்த்து எறிந்தேன்.

அம்மா அன்று மத்தியானமே முடிவு செய்துவிட்டாள். "இனி தனியாக் குளிக்கண்டாம் மைனி. இன்னொரு தடவை விழுந்தா ஆபரேஷன் செய்ய எலும்பு இருக்காது. திங்கக்கிழமை முதல் ஒரு ஹோம் நர்ஸ் வருவா. காலையில வந்து குளிப்பாட்டிட்டுப் போவா. சொல்லியாச்சு."

"எனக்கு வேண்டாம் தங்கபாய்."

"அவளும் உங்களப் போல வேலை தெரிஞ்சவதான்."

"அதுதான் வேண்டாங்கியேன்."

அம்மா கேட்கவில்லை. அம்மாவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மாமி விழுந்தால் தூக்கப்போவது அவள்தான். அன்றிலிருந்து மாமி ஷவர் பக்கம் போகவில்லை. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து துணியால் துடைத்துக்கொண்டார். மூன்று நாள் இப்படி. அறையில் ஆஸ்பத்திரி வாசனை வந்தது. திங்கட்கிழமையை நினைத்து அவர் சாப்பாட்டைக் குறைத்தார். பேச்சையும் குறைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் போய் ஓட்டைக்கு மேலேயே ஊற்றினேன். நேராக ஓட்டையை மூடியிருக்கும் கம்பி ஜாலியின் மேல். கொஞ்சம் உள்ளே போயிற்று. மீதி எல்லாம் திரும்பிப் பார்க்காமல் கதவுக்கு ஓடியது. அடுக்களையில் இருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து அந்த மூலையில் வைத்தேன். அது உருண்டு, கதவைத் தாண்டி, மாமியின் கட்டில் காலில் முட்டி நின்றது. மாமி அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

யாரிடமும் கேட்காமல் அபிலாஷுக்குப் போன் செய்தேன். அவர் கொல்லத்தில் இல்லை. பாப்பனங்கோட்டில், எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட தூரத்தில் வேலையில் இருந்தார்.

மத்தியானம் அவர் வந்தபோது அப்பாவும் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தார். அபிலாஷைப் பார்த்ததும் அப்பா எழுந்து கை கழுவப் போனார். சாதம் தட்டில் பாதி இருந்தது. அம்மா அடுக்களைக்குள் போனாள். மாமி போர்வையை இழுத்துக்கொண்டார்.

நான் அபிலாஷை உள்ளே கூட்டிப் போய் வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். எலுமிச்சம்பழத்தையும் உருட்டிக் காட்டினேன்.

"மட்டம் வச்சுப் பாருங்க அண்ணா."

அவர் ரசமட்டத்தை வைத்துப் பார்க்கவே இல்லை. "எனக்கு அறியாம், தெரியும் மோளே. ஓட்டை இருக்குற மூலை ஒன்றரை இஞ்சு பொங்கி, ஒசந்து இருக்கு. நான்தான போட்டது."

"தெரிஞ்சே போட்டீங்களா? வெள்ளம் போற மூலையை யாராவது பொக்கத்துல வைப்பாங்களா?"

அபிலாஷ் ஹாலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில சொல்லமாட்டேன்னு சத்தியம் செஞ்சிருக்கேன்" என்றார்.

"யாருக்கிட்ட?"

"அதுதான் கஷ்டம். மூணு பேருக்கிட்ட."

எனக்குப் புரியவில்லை. நான் அவரை விடவில்லை. ஒரு மாதமாகத் துடைத்த கையைக் காட்டினேன். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நனைந்த மார்க் லிஸ்டையும் எடுத்து வந்து காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"முதல் நாள் சார் வந்தாரு. அபிலாஷே, கன்னிமூலை தாழப்பிடாது, ஆருக்கும் தெரியாம ஒரு அரை இஞ்சு பொக்கிவிடுன்னாரு. செரின்னேன். ரெண்டாம் நாளு அடுக்களையில இருந்து சேச்சி பழம்பொரி கொண்டுவந்து, அந்த மூலையை ஒரு அரை இஞ்சு பொக்கு, அவருக்கிட்ட சொல்லாதேன்னாங்க. அதுக்கும் செரின்னேன். மூணாம் நாளு மாமி கட்டில்ல இருந்து கூப்பிட்டு, அரை இஞ்சு, தம்பியும் நாத்தூனும் அறியப்பிடாதுன்னாங்க. நான் என்ன செய்யட்டும்? மூணு அரையும் கூட்டினா ஒன்றரை."

"மூணு பேரும் சொன்னது ஒரே அரை இஞ்சுதானே அண்ணா!"

"அத எப்படி நான் கேக்க? கேட்டா மத்த ஆளு சொன்னதும் தெரிஞ்சுபோவுமே. சத்தியம் இல்லியா?"

கன்னிமூலை என்பது தென்மேற்கு மூலை. வீட்டில் அந்த மூலை மற்ற மூலைகளைவிடத் தாழ்ந்திருந்தால், அங்கே குழி இருந்தால், வீட்டில் உள்ளவர்களுக்கு ஆகாது என்று இங்கே எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் சொல்வார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அல்ல. அப்பா சர்ச்சில் சபைக் கமிட்டியில் இருக்கிறார். போன வருடம் வாலிபர் கூட்டத்தில், வாஸ்து பார்க்கிறவன் வீட்டில் ஜெபம் எதற்கு என்று முக்கால் மணி நேரம் பேசினார். நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன். அம்மா எனக்குப் பின்னால் இருந்து கேட்டாள்.

மூன்று பேரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டேன். அதாவது மாமியின் கட்டிலைச் சுற்றி. பெரியவர்களிடம் இப்படிப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பேசினேன்.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல" என்றார் அப்பா முதலில். "அக்காவுக்க மனசு சமாதானத்துக்குச் சொன்னேன்."

"நான் உனக்கிட்ட கேட்டனா?" என்றார் மாமி.

"எனக்கும் நம்பிக்கை இல்ல" என்றாள் அம்மா. "இவருக்கு அடிக்கடி நெஞ்சு கரிக்குது. எதுக்கும் இருக்கட்டேண்ணு சொன்னேன்."

"அது நீ வைக்கிற மீன்கறி" என்றார் அப்பா.

"ஓஹோ, எனக்க மீன்கறியா? அப்பம் நாளையிலேந்து கஞ்சி குடியுங்க. கன்னிமூலையில இருந்து குடியுங்க."

அபிலாஷ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அந்த மூலையை உடைத்துத் தாழ்த்திவிடலாம், இரண்டு நாள் வேலை, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். இவ்வளவு ஆன பிறகாவது சரி என்பார்கள் என்று நினைத்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"மாமி, நீங்க ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க. நீங்களாவது சொல்லுங்க."

மாமி போர்வையை விலக்கிவிட்டுப் பேசினார்.

"உனக்க மாமா செத்தது அட்டாக் வந்து. பிரஷர் மாத்திரைய ஒழுங்காத் திங்கல்ல. எனக்குத் தெரியும், டாக்டரும் சொன்னாரு. ஆனா அந்த வீட்டுல செப்டிக் டேங்க் தோண்டுனது கன்னிமூலையில. நான்தான் தோண்டச் சொன்னேன். வேற எடமில்ல. அவரைப் புதைச்சிட்டு வந்த அன்னைக்கு, வாசல் முத்தத்துல நிண்ணு பொம்பளைங்க பேசினாளுவ. எலிசாளு வெட்டுன குழிண்ணு. பதினேழு வருசம் எல்லாவளுக்கிட்டயும் சண்ட போட்டேன். பைத்தியமா உங்களுக்குண்ணு கேட்டேன். சண்ட போட்டதெல்லாம் நான்தான். ஆனா அந்த டேங்கு பக்கம் ஒரு நாளும் நடந்ததில்ல."

அப்பா, "அக்கா" என்றார்.

"நீ சும்மா இருலே. இது எனக்க வீடு இல்ல. நான் வந்ததுக்காவ இந்த வீட்டுத் தறைய ஒடச்சீங்க. நாளைக்கு உனக்கு ஒரு நெஞ்சு வலி வந்தா, தங்கபாய் ஒண்ணும் சொல்லமாட்டா. அவ நல்லவ. நான் சொல்லுவேன், எனக்கிட்டயே. ரெண்டாவது தடவையும் கேக்க எனக்குச் சீவன் இல்ல. அதுக்குப் பதில் அந்த நர்ஸு வந்து குளிப்பாட்டிட்டுப் போவட்டு."

எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கோபம் இருந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. அரை இஞ்சு சிமெண்டுக்கும் மாரடைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எனக்குத் தெரியும். மாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர் கண்ணை மூடிக்கொண்டு குளிப்பாட்டப்படத் தயாராகிவிட்டார்.

அபிலாஷ்தான் எழுந்து பாத்ரூம் கதவில் போய் நின்றார். தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார்.

"சாரே, ஒண்ணு பறயட்டா? நேராச் சொன்னா, இத்தனை நல்ல சரிவு நான் வேற ஒரு வீட்டுக்கும் போட்டதில்ல. தண்ணி ஒரு துளி நிக்காது. ஓட்டைதான் தப்பான எடத்துல இருக்கு."

"அதுக்கு?" என்றார் அப்பா.

"மூலை அங்கேயே இருக்கட்டும். ஓட்டையை இங்க கொண்டுவருவோம். கதவுக்கு உள்பக்கம், இந்தச் சுவருல இருந்து அந்தச் சுவரு வரை ஒரு வரி டைல்ஸை வெட்டி, வாய்க்கால் மாதிரி நீளமா ஒரு சால். மேல ஸ்டீல் ஜாலி, தறைக்குச் சமமா. வாக்கரு அதுக்கு மேல போவும், தட்டாது. வர்ற தண்ணி எல்லாம் அதுல விழும். வடக்குச் சுவரைத் துளைச்சு பைப்பை வெளிய எடுத்துடலாம். பழைய ஓட்டையை அடைச்சிட்டா கன்னிமூலையில ஓட்டையும் இல்ல."

அப்பாவின் முகம் மாறியது. "எழுபத்தஞ்சு மில்லி பைப்பு போதுமா?" என்று கேட்டார். ஹார்டுவேர் கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

"வடக்கால கறிவேப்பிலை நிக்குது, அதை ஒடச்சிராதே" என்றாள் அம்மா.

மாமி கேட்டார்: "ஜாலிக்க கம்பி இடையில வாக்கருக்கக் கால் மாட்டுமா?"

"மாட்டாது மாமி. நெருக்கமான கம்பிதான்."

"அளந்து பாத்துட்டுச் சொல்லு. நீ கூட்டுன கணக்கு நான் கேட்டாச்சு."

இது ஒரு மாதத்துக்கு முன்பே நடந்திருக்கலாம். ஒரே ஒரு நாள், மூன்று பேரில் ஒருவர், நான் அபிலாஷிடம் இப்படிச் சொன்னேன் என்று வாயைத் திறந்திருந்தால் போதும். ஒன்றரை இஞ்சு அரை இஞ்சாகக் குறைந்திருக்கும், தண்ணீர் எப்படியோ தன் வழியில் போயிருக்கும். நான் இதைச் சொன்னபோது அம்மா, "செரி செரி, நீ போய் டீ போடு" என்றாள்.

அன்று மாலையே கடையில் இருந்து ஜாலியும் பைப்பும் வந்தன. சனிக்கிழமை முழுவதும் கட்டர் சத்தம். வீடெல்லாம் வெள்ளைத் தூசி. கறிவேப்பிலையில் ஒரு கிளை ஒடிந்தது, அம்மா அபிலாஷுக்குப் பழம்பொரி கொடுக்கவில்லை. சாயங்காலம் அவர் கடைசி டைல்ஸைப் பதித்துவிட்டு, வாக்கரின் காலைத் தானே பிடித்து ஜாலி முழுவதும் வைத்து வைத்துப் பார்த்தார். மாமி கட்டிலில் இருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அது காய வேண்டும், ஒரு துளி தண்ணீர் படக் கூடாது என்று கதவில் அப்பா ஒரு கயிற்றைக் கட்டினார். ஹோம் நர்ஸை வர வேண்டாம் என்று சொல்ல அம்மா மறுத்துவிட்டாள். "வரட்டு. இதுவும் சரியாவலண்ணா?" என்றாள். ஒரு மாத அனுபவத்துக்குப் பிறகு அதை யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் பாகீரதி என்ற அந்த நர்ஸ் காட்டாக்கடையில் இருந்து வந்துவிட்டார். கையில் பை, அதற்குள் ஏப்ரன், கையுறை எல்லாம் இருந்தன. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் மாமி கட்டிலில் இருந்து எழுந்தார். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். வாக்கர், ஒரு அடி. வாக்கர், ஒரு அடி. ஜாலியின் மேல் வாக்கரின் நான்கு காலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"தாழ்ப்பா போடாதீங்க மைனி!" என்று அம்மா கத்தினாள்.

ஷவர் திறந்தது.

நானும் அம்மாவும் பாகீரதி சேச்சியும் கதவின் முன்னால் நின்று தரையைப் பார்த்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சாலில் தண்ணீர் விழுந்து வடக்குப் பக்கம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே ஒன்றும் வரவில்லை. நான் குனிந்து கதவுக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"அப்பம் நான் எந்து செய்யணும்?" என்றார் பாகீரதி சேச்சி.

"இருங்க, டீ குடிங்க" என்றாள் அம்மா. அவள் குரலில் சந்தோஷமா எரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று. டீ குடித்தாயிற்று. முக்கால் மணி ஆயிற்று. உள்ளே தண்ணீர் நிற்கவில்லை. மாமி தலைக்கும் குளிக்கிறார் என்று சோப்பு வாசனையில் தெரிந்தது. மேலே டேங்கில் இருந்து குழாய் காற்றை இழுக்கும் சத்தம் வந்தது.

அம்மா கதவைத் தட்டினாள். "மைனி! டேங்குல வெள்ளம் தீரப்போவுது. போதும், வாங்க!"

"ஆளு இருக்கு!" என்றார் மாமி உள்ளேயிருந்து.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு மோட்டார் போடப் போனாள்.